சர்வரைப் பார்க்க வந்தவள்

"சர்வரைப் பாக்கணும்" என்று அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சொன்னது வாசல் செக்யூரிட்டியிடம். அங்கேதான் கதை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"எந்த சர்வரும்மா?"

"விழுந்துடுச்சே, அந்த சர்வர்."

"விழுந்துட்டாரா... காலையில நல்லாத்தானே இருந்தாரு?" பெரியவர் நிஜமாகவே பதறிவிட்டார். "கேன்டீன் பின்பக்கம் இருக்கும்மா. நேராப் போயி இடது பக்கம் திரும்புங்க. அடி பலமா?"

"போய்ப் பார்த்தாத்தான் தெரியும்" என்றாள் அவள், மழைத்தண்ணீரைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே. கேன்டீன் பின்னால் மெயில் சர்வரை யாராவது வைப்பார்களா என்று நீங்களும் நானும் யோசிப்போம். அவள் யோசிக்கவில்லை. மாடிப்படிக்கு அடியில், கக்கூஸை ஒட்டிய நடையில், சாமான் அறைப் பரணில் எல்லாம் சர்வர்களைப் பார்த்தவள் அவள். அடுத்தவர்கள் அரைகுறையாக இன்ஸ்டால் செய்து கைவிட்டதை எல்லாம் சுத்தம் செய்து கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. அவள் தெருவில் அவளுக்கு 'சர்வர்காரி' என்றே பெயர். எந்த ஹோட்டலில் என்று அவள் அம்மாவிடம் கேட்டவர்களும் உண்டு. அந்த அம்மாளும் விளக்கி விளக்கி ஓய்ந்துபோய், இப்போதெல்லாம் "பெரிய ஹோட்டல்" என்று சொல்லிவிடுகிறாள்.

கேன்டீனில் கூட்டமில்லை. கையில் டீத் தட்டோடு ஒருவன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். உயரம்... முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை... அப்புறம் அந்தக் கண்கள். மழை விட்டதும் முற்றத்தில் ஒரு வெளிச்சம் வருமே, ஈரமும் பளபளப்புமாக... அப்படி இரண்டு. ஒரு டீக்காரனுக்கு இவ்வளவு நல்ல கண்களை யார் கொடுத்தது என்று அவள் நினைத்தாள். நினைத்த வேகத்திலேயே தன்னை அதட்டிக்கொண்டாள்.

"தம்பி, ஒரு டீ. சக்கரை கம்மியா."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். வேறு யாரும் இல்லை. தட்டிலிருந்து ஒரு கப்பை எடுத்து நீட்டினான். "இதுல சக்கரை எப்பவும் போலத்தான் இருக்கும்..."

"அப்ப பாதி குடிக்கறேன். கணக்கு சரியாப் போயிடும்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கண்களும் சேர்ந்து சிரித்தன. அவள் சட்டென்று கப்புக்குள் பார்வையைப் போட்டுக்கொண்டாள். ஈரத்தில் கண்மை கரைந்து கன்னத்தில் ஒரு கோடு இழுத்திருந்ததோ என்னவோ, அவன் அங்கேயே பார்த்துக்கொண்டு நிற்கிறான்...

"இங்க சர்வர் எங்க இருக்கு தம்பி? மெயில் சர்வர். யாரோ ஒரு மகானுபாவன் போட்டுக் கெடுத்து வச்சிருக்கானாம். சுத்தம் பண்ண வந்திருக்கேன்."

சிரிப்பு நின்றது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"மூணாவது மாடி" என்றான் தரையைப் பார்த்து. "வலது பக்கம் கடைசி ரூம்." தட்டை எடுத்துக்கொண்டு, விறுவிறுவென்று மறைந்துவிட்டான்.

அது ஒரு குடைக் கம்பெனி. மழைக்காலம் ஆரம்பித்து, கடைகள் எல்லாம் குடை குடை என்று பறக்கிற நேரத்தில் மெயில் செத்துக் கிடந்தது. ஆர்டர் எழுதிய துண்டுக் காகிதங்களை ஆட்கள் கையில் பிடித்துக்கொண்டு மாடிக்கும் கிடங்குக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். முதலாளி ஒரு பெண்மணி. குரல் மட்டும் கொஞ்சம் பெரிசு, மற்றபடி தங்கமானவள் என்று அங்கே வேலை பார்க்கிறவர்கள் சொல்வார்கள், அதுவும் அவள் காதுபடத்தான் சொல்வார்கள். அவளே கூட வந்து கடைசி ரூமின் கதவைத் திறந்துவிட்டாள்.

"இவன்தான் நம்ம சிஸ்டம்ஸ் எல்லாம் பாக்கறவன். என் தம்பி. வெளியிலேர்ந்து ஆளைக் கூப்பிட்டே ஆகணும்னு ஒத்தைக்கால்ல நின்னது இவன்தான்."

உள்ளே, குளிர்ந்த காற்றுக்கும் மினுக்கும் விளக்குகளுக்கும் நடுவே, நின்றது யார் என்று சொல்ல வேண்டுமா? டீத் தட்டு மட்டும்தான் இல்லை.

முதலாளியம்மாள் போய்விட்டாள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மகானுபாவன்... நீங்கதானா?"

"நான்தான்."

"அப்ப டீ?"

"மெயில் போகலன்னு ஒவ்வொரு செக்‌ஷன்லயும் என்னை முறைக்கறாங்க. டீ கொண்டு போய்க் கொடுத்தா கொஞ்சம் கம்மியா முறைப்பாங்க. அதுக்குத்தான்."

"வாயத் திறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்கதான் தம்பி தம்பின்னு உரிமையாக் கூப்பிட்டீங்களே... இந்த ஆபீஸ்ல அத்தனை பேரும் என்னைத் தம்பின்னுதான் கூப்பிடுவாங்க. அக்கா கூப்பிடறதைப் பார்த்துப் பழகிடுச்சு. ரிட்டயர் ஆகப்போறவரும் தம்பிங்கறாரு, போன வாரம் சேர்ந்த பொண்ணும் தம்பிங்குது. சரி, இதுவும் அந்த லிஸ்ட்ல ஒண்ணுன்னு விட்டுட்டேன்."

அசடு வழிந்ததை மறைக்க அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேலை என்று வந்துவிட்டால் அவளுக்குக் கூச்சம் எல்லாம் வாசலோடு சரி. நெட்வொர்க்கில் இருக்கும் மெஷின்களின் பெயர்களைத் திரையில் வரவழைத்தாள். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"'கடைசி'ன்னு ஒரு சர்வர் இருக்கே..."

அவன் மேற்கூரையை ஆராய்ந்தான்.

"அதுக்குக் கீழ 'நிஜக்கடைசி'. அதுக்கும் கீழ 'இதுதான் கடைசி'." அவள் மெல்லத் திரும்பினாள். "அடுத்ததுக்கு என்ன பேர் யோசிச்சு வச்சிருந்தீங்க?"

"'சத்தியமாக் கடைசி'" என்றான் அவன், மிகுந்த மரியாதையோடு.

அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அவனுக்கு முதலில் கோபமாகத்தான் வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே கோபப்படுவது கஷ்டமான காரியம். சற்று நேரத்தில் அவனும் சிரித்துவிட்டான்.

"முதல் தடவை போடும்போது பாதியில அப்படியே நின்னுடுச்சு" என்று அவனே சொன்னான். "எவ்வளவு முடிஞ்சுதுன்னு காட்டற கோடு நகரவே இல்ல. அக்கா வேற பின்னாடி நின்னு என்னாச்சு என்னாச்சுங்கறாங்க. பயந்துபோய் கேன்சல் அடிச்சிட்டேன். மெஷினைச் சுத்தமாத் துடைச்சிட்டு வேற பேர்ல மறுபடி போட்டேன். அதுவும் நின்னுச்சு... திரும்பவும் கேன்சல்..."

"நீங்க துடைச்சது மெஷினை. பேரைத் துடைக்கலையே. மத்த மெஷின் எல்லாம் இன்னும் 'கடைசி' உயிரோட இருக்குன்னு நம்பி அதுக்கே மெயிலை அனுப்பிக்கிட்டு இருக்கு. வீடு காலி, பேர்ப்பலகை மட்டும் வாசல்ல தொங்குது."

"அப்ப அந்தப் பேரை அழிச்சிட்டாப் போச்சு."

"கையால அழிச்சா பாதி போகும், மீதி எங்கயாவது ஒட்டிக்கிட்டு உயிரை வாங்கும். அதே பேர்ல ஒரு மெஷினைத் திரும்ப எழுப்பணும். பாதியில நின்ன இன்ஸ்டாலை முழுசா முடிக்கணும். அப்புறம்தான் அதை முறையா நீக்கி எடுக்கணும்."

"எடுக்கறதுக்காக முதல்ல கட்டி முடிக்கணுமா?"

"ஆமா. பொறுமை இல்லாதவங்களுக்கு ஆகாத வேலை" என்றாள் அவள். குத்தல்தான். ஆனால் கண் ஓரத்தில் சிரிப்பு மிச்சம் இருந்தது.

அதன்பிறகு அந்தக் குளிர் ரூமில் இரண்டு நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. முதல் நாள் நடுவில் ஒரு ஆள் தாராளமாக நடந்து போகலாம். அப்புறம் யார் நகர்த்தினார்கள் என்று தெரியவில்லை... பேப்பர் கூடை வைக்கக்கூட இடமில்லை. துப்புரவுக்கு வருகிற அம்மாள் கூடையைக் கதவோரம் வைத்துவிட்டு, போகிறபோக்கில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். மதியச் சாப்பாட்டுக்குள் மூன்று மாடிக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. மெயில் இல்லாமலே சில சேதிகள் போய்விடும்.

'கடைசி'யை எழுப்பினார்கள். முடித்தார்கள். எடுத்தார்கள். அவன் கற்றுக்கொள்வதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது. ஒருமுறை சொன்னால் போதும். இரண்டாவது முறை அவனே அடுத்தது என்ன என்று சொல்லுவான். கோடு மட்டும் ஓரிடத்தில் நின்றுவிட்டால் அவன் விரல் தானாக கேன்சல் பக்கம் போகும். அவள் அந்தக் கையை வெடுக்கென்று தட்டிவிடுவாள். தட்டிய இடம் ரொம்ப நேரம் சூடாக இருந்ததாக அவன் நினைத்துக்கொண்டான். அவள் என்ன நினைத்தாள்? தட்டாமல் பிடித்திருக்கலாமோ என்று நினைத்தாள். ஐயோ, என்ன நினைப்பு இது என்றும் நினைத்தாள்.

"தம்பி, அந்த வயரை எடுங்க" என்றாள் ஒரு மத்தியானம், பழக்கதோஷத்தில்.

அவன் எடுக்கவில்லை. "ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே... ஊரே கூப்பிடட்டும், நீங்க மட்டும் அப்படிக் கூப்பிடாதீங்க."

"பின்ன எப்படிக் கூப்பிடறது?"

"எதுவும் சொல்லிக் கூப்பிட வேண்டாம். திரும்பிப் பார்த்தாப் போதும்... வந்துடுவேன்."

வெளியே மழை கண்ணாடி ஜன்னலில் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. அவள் திரையைப் பார்த்தாள். திரையில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் அவளுக்குச் சத்தியமாகத் தெரியாது.

'நிஜக்கடைசி'யும் போயிற்று. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. புது சர்வரை ஓரமாகத் தயார் செய்து வைத்தாயிற்று. 'இதுதான் கடைசி' போய்விட்டால் மெயில் எல்லாம் புதியதன் பக்கம் திரும்பிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் முதலாளியம்மாள் அவளைத் தன் ரூமுக்கு அழைத்தாள்.

"நேராவே சொல்றேம்மா. உன் வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. நிரந்தரமா இங்கயே வந்துடு. அந்த ரூம் உனக்கு. தம்பியை நான் கிடங்குக்கு மாத்திக்கறேன், அவனுக்கு இது ஒத்துவரல."

  அவளுக்கு அம்மாவின் முகம் வந்து குறுக்கே நின்றது. 'ஊரான் கெடுத்து வச்சதை எல்லாம் சரி பண்ணிக்கிட்டு இன்னும் எத்தனை நாள்டி அலைவே? ஒரே இடத்துல உக்காந்து வேலை பாக்கற மாதிரி ஒண்ணு கிடைச்சா நான் நிம்மதியாத் தூங்குவேன்' என்று அம்மா போன வாரம்கூடக் கண் கலங்கினாள். நிலையான நாற்காலி... மழையில் நனையாத வேலை... ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஆசையே வரவில்லை என்று சொன்னால் பொய்.

கதவு மெல்லத் திறந்தது. கையில் ஏதோ சாவியோடு அவன். 'தம்பியைக் கிடங்குக்கு' என்பதைக் கேட்டுவிட்டான். அவள் மறுத்துப் பேசாமல் உட்கார்ந்திருப்பதையும் பார்த்துவிட்டான். சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்த வழியே போனான்.

அன்றைக்கு மாலையிலிருந்து அவள் அவனுக்கு 'மேடம்' ஆகிவிட்டாள்.

"மேடம், பாஸ்வேர்ட் எல்லாம் எழுதி வச்சிருக்கேன். மேடம், ஏசி ரிமோட் டிராயர்ல இருக்கு."

"எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?"

"உங்க ரூம்தானே மேடம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் வரவில்லை. இரண்டாவது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்குப் போய்விட்டான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதில் ஆண்பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. நாற்காலியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனவன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

அவளுக்கும் ரோஷம் வந்தது. போனால் போகட்டும் என்று தனியாக உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். அந்த ரூம் ஏன் இவ்வளவு குளிர்கிறது என்று முதல் தடவையாக நினைத்தாள். இங்கே வருஷக்கணக்கில் உட்காரலாம்... பக்கத்தில் யாரும் இல்லாமல். விழுந்த சர்வரை எழுப்புகிற வேலை இருக்காது, விழாத சர்வரைக் காவல் காக்கிற வேலைதான். போதாததற்கு, அவன் இடத்தைப் பிடுங்கிக்கொண்டு. அவள் எழுந்துவிட்டாள். நேராக முதலாளியம்மாளின் ரூம்.

"எனக்கு இந்த வேலை வேண்டாம் மேடம்."

"ஏன்? சம்பளம் பத்தாதா?"

"அந்த நாற்காலியில ஆள் இருக்காரு."

"ஆள் இருக்கான். வேலை தெரியலையேம்மா."

"தெரியாம இருந்துச்சு. இப்பத் தெரியும். 'எனக்குத் தெரியல'ன்னு சொல்லி ஆளைக் கூப்பிட்டது அவர்தானே? எத்தனை கம்பெனியில சர்வர் போட்டவங்க கடைசி வரைக்கும் வாயே திறக்க மாட்டாங்க தெரியுமா? நான் போறதுக்குள்ள எல்லாத்தையும் மூடி மறைச்சிடுவாங்க, ஆறு மாசம் கழிச்சு மொத்தமா வெடிக்கும். உங்களுக்கு அது நடக்கல. யாரால நடக்கல?"

முதலாளியம்மாள் கண்ணாடியைக் கழற்றி, அவளை மேலும் கீழும் பார்த்தாள். தம்பிக்காக ஒருத்தி குரலை உயர்த்துவதை அந்த அக்கா அதுவரை பார்த்ததில்லை.

"சரி. பாக்கி இருக்கறதை அவனே எடுத்துக் காட்டட்டும். என் கண் முன்னால. நீ கை வைக்கக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது. எடுத்துட்டா ரூம் அவனுக்கு. சொதப்பினா கிடங்கு."

கிடங்கில் குடைகள் மலை மலையாகக் குவிந்திருந்தன. தகரக் கூரையில் மழை தடதடத்தது. அவன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, கைப்பிடிகளை எண்ணுகிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தான்.

"எழுந்திரிங்க" என்றாள்.

"மேடத்துக்கு என்ன வேணும்?"

"மேடமும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். ஒரு ரூம்ல ரெண்டு பேர் பேசறதைப் பாதி கேட்டுட்டு ஓடிவர்றது... இங்கயும் கேன்சல் அடிச்சாச்சா? என்ன நிக்குது ஏது நிக்குதுன்னு கொஞ்சம் பொறுத்துப் பார்க்கவே மாட்டீங்களா?"

அவன் நிமிர்ந்தான். "நீங்க வேண்டாம்னு சொல்லலையே."

"அப்பச் சொல்லல. யோசிச்சேன். எங்க அம்மாவுக்காக ஒரு நிமிஷம் யோசிச்சேன், அது தப்பா? இப்பத்தான் வேண்டாம்னு சொல்லிட்டு வர்றேன். உங்க அக்கா மாடியில உக்காந்திருக்காங்க. நீங்க வந்து எடுக்கணும். நான் உதவி பண்ண முடியாது."

"சொதப்பிட்டேன்னா?"

"சொதப்ப மாட்டீங்க. சொல்லிக்கொடுத்தது யாரு?"

அந்தத் திமிரைக் கேட்டதும் அவன் முகம் தெளிந்தது. எழுந்தான்.

மூன்றாவது மாடியில் கூட்டம் கூடிவிட்டது. கணக்குப் பிரிவு, விற்பனைப் பிரிவு, துப்புரவு அம்மாள் எல்லாரும் கதவில். அக்கா அவனுக்குப் பின்னால் கைகட்டி நின்றாள். சர்வர்காரி சுவரோரம் நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டாள்.

அவன் தட்டினான். ஒவ்வொரு படியாகப் போனான். எழுப்பியது, முடித்தது எல்லாம் சரி. கடைசியாக, எடுக்கச் சொல்லி உத்தரவு கொடுத்தான். கோடு நகர்ந்தது... நகர்ந்தது... பாதிக்கு மேல் வந்து நின்றுவிட்டது.

நின்றது நின்றதுதான்.

"என்னாச்சு?" என்றாள் அக்கா.

அவன் விரல் அசைந்தது. சுவரோரம் நின்றவளுக்கோ தட்டிவிடக் கைக்கு எட்டாத தூரம்... வாயும் திறக்கக் கூடாது... அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவ்வளவுதான். சொல்ல வேண்டியது எல்லாம் அந்தப் பார்வையில் இருந்ததோ, இல்லை அதைவிடக் கூடவே இருந்ததோ... அவன் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ஒண்ணும் ஆகல அக்கா. வேலை செஞ்சுக்கிட்டு இருக்கு. கொஞ்சம் பொறுங்க."

அந்தக் குரலை அக்கா கேட்டதில்லை. பொறுத்தாள்.

கோடு நகர்ந்தது. நிரம்பியது. பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. ஓரிரு மூச்சு... எங்கோ ஒரு மேஜையில் டிங் என்றது. அடுத்த மேஜையில் டிங். அப்புறம் மூன்று மாடியிலும் மழையோடு போட்டி போட்டுக்கொண்டு மெயில் கொட்ட ஆரம்பித்தது. "ஆர்டர் வருது, ஆர்டர் வருது" என்று விற்பனைப் பிரிவு ஓடியது. முதலாளியம்மாள் தம்பியின் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டினாள். "அந்த நாற்காலியைக் கிடங்குலேர்ந்து எடுத்துட்டு வா" என்றாள். கதவருகே போனவள் நின்று, "ரெண்டு பேரும்" என்று எதையோ சொல்ல ஆரம்பித்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ரூம் காலியானது. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வேலை முடிந்துவிட்டது. முடிந்த இடத்தில் அவள் எப்போதும் நின்றதில்லை. இன்றைக்கு மட்டும் பையின் ஜிப் மூட மாட்டேன் என்கிறது...

"போறீங்களா?"

"வேலை முடிஞ்சுதே."

"வேணும்னே ஏதாவது ஒண்ணைக் கெடுத்து வச்சிடலாமான்னு பார்த்தேன். ஆனா இப்போ கெடுக்கவும் வர மாட்டேங்குது."

"கெடுக்காமலே கூப்பிடலாம்."

"என்னன்னு சொல்லிக் கூப்பிடறது?"

அவள் ஜிப்போடு போராடுவதை நிறுத்தினாள். "நான் சொல்லவா... நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்றேன். கொஞ்சம் டைம் கொடுங்க."

கொடுத்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். மழையைப் பார்த்தான். வாயைத் திறந்து மூடினான். இடையில் ஒரு வார்த்தை எடுத்துக்கொடுக்கலாம் என்று அவளுக்கு நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

"நீங்க பக்கத்துல இல்லாம இந்த ரூம் எனக்கு வேண்டாம்" என்றான் கடைசியில். "ரூம் மட்டும் இல்ல... எதுவும். கிடங்குல உக்காந்து அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். வேலை போறதுக்காக வருத்தப்படறேன்னு எல்லாரும் நினைச்சாங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். பையில் போன் அடித்தது. அம்மா. நேரம் பார்த்துக் கூப்பிடுவதில் எல்லா அம்மாக்களும் ஒரே மாதிரிதான்.

"என்னடி, அந்த முதலாளியம்மா வேலை தர்றாங்கன்னு சொன்னியே... சரின்னு சொல்லிட்டியா?"

"இல்லம்மா. வேண்டாம்னுட்டேன்."

அந்தப் பக்கம் பெருமூச்சு. "வந்ததை எட்டி உதைச்சுட்டு வர்றே... குரல் மட்டும் என்னடி இவ்வளவு குஷியா இருக்கு? வேற ஏதாவது கிடைச்சுதா?"

அவள் எதிரில் நின்றவனைப் பார்த்தாள். அந்தக் கண்கள் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தன. அவசரமே இல்லாமல்.

"வீட்டுக்கு வந்து சொல்றேம்மா" என்றாள். "தனியா வரல."